அசையாத ஆணி

நம் சங்கத்து மாத இதழில் எழுதும் அன்பர்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றியும், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதைப் பற்றியும் அழகுற எழுதி வருகின்றனர். நானோ இம்முறை அரை அங்குல நீளமுங்கூட இல்லாத ஓர் இரும்பு ஆணியைப் பற்றி எழுதத் துணிந்தேன். இதென்ன அற்ப விஷயம் என்று முகஞ் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்த ஆணி மூன்று வார காலம் என் உறக்கத்தைக் கெடுத்தது. என் தந்தையாரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவொட்டாமல் என்னைத் தடுத்தது.

என் தந்தையார் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். 1974ஆம் ஆண்டில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு வந்து, மிளகும் இஞ்சியும் அடுக்கிய ஒரு கிட்டங்கியிலே கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். அன்று முதல் சுள்ளிக்கல்லே எங்கள் ஊராயிற்று. நான் பத்தாம் வகுப்புத் தேறி, பின்பு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் இங்கிருந்துதான். ஆற்றங்கரையில் மூங்கிற் கழியும் மண்புழுவும் கொண்டு கெண்டை பிடித்து வளர்ந்தவருக்கு, இவ்வூர்க் காயலைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. கிட்டங்கிக்கு வந்துபோகும் ஒரு கப்பற் பொறியாளர், ஓய்வு பெற்றுத் தம் ஊர் திரும்பும்போது, தாம் வைத்திருந்த தூண்டில் ரீலை 1983ஆம் ஆண்டில் அவருக்குப் பரிசாகக் கொடுத்துச் சென்றார். அலுமினிய வார்ப்பில் ஆன உடல், மடக்கி வைக்கத்தக்க கைப்பிடி, நூலைச் சுற்றிவிடும் ஒரு கம்பி வளையம். அதன்மேல் இருந்த பெயர் தேய்ந்தே போயிருந்தது.

ஞாயிறுதோறும் விடியற்காலையில் தந்தையார் அதை எடுத்துக்கொண்டு தோப்பும்படிப் பக்கத்துக் காயற்கரைக்குச் செல்வார். நாம் கொடுவா என்று சொல்லும் மீனை இவ்வூரார் காளாஞ்சி என்பர். அது ஒன்று அகப்பட்டுவிட்டால், அன்று எங்கள் வீட்டில் மட்டுமன்று, பக்கத்து இரண்டு வீடுகளிலும் மீன் குழம்பு மணக்கும். வீடு திரும்பியதும் ரீலை நன்னீரில் அலசித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, தகரப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிய பிறகே அவர் பலகாரம் உண்பார். அந்த ஒழுங்கை நான் சிறு வயதிற் பரிகசித்ததுண்டு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பாரிசவாயு கண்டது. வலக் கை தளர்ந்தது, பேச்சும் மெதுவாயிற்று. தூண்டில் நின்றது. அதற்குச் சில காலத்துக்குப் பின் நாங்கள் ஓர் இரும்பு அலமாரி வாங்கியபோது, பரணைப் பிரித்து மாற்றவேண்டி வந்தது. அச்சமயம் அந்தத் தகரப் பெட்டியை எடுத்துப் பின்கட்டுத் தரையிலே வைத்தவன் நான். மீண்டும் மேலே ஏற்றி வைப்போம் என்றிருந்தேன், மறந்தேன். எங்கள் வரிசை வீடுகள் தாழ்ந்த இடத்தில் உள்ளவை. ஓதம் பெருகும் நாட்களிற் கால்வாய் நிறைந்து, உப்புநீர் பின்கட்டு வரை வந்து போகும். இவ்வூரார் அதை வேலியேற்றம் என்பர். நீர் வந்தது, போனது, பெட்டியின் அடியை நனைத்தது. இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

சென்ற ஓண விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு, ஓர் இரவு உணவுக்குப் பிறகு தந்தையார் என் மகனை அருகில் அழைத்து, அவன் தலையைத் தடவியவாறே என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஏய்யா, பரண்ல என் பெட்டி இருக்குல்லா? லீவு விட்டதும் இவனைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் போகணும். என்னால சுத்த முடியாது. அவன் சுத்தட்டும், நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன்."

"இருக்குப்பா" என்றேன். அது பொய். அந்தக் கணமே அது பொய் என்பதை நான் அறிவேன்.

மறுநாள் விடியுமுன் பின்கட்டுக்குச் சென்று பெட்டியைத் திறந்தேன். தகரத்தின் அடி செல்லரித்த ஓலை போல் உதிர்ந்தது. ரீலின் உடலெங்கும் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தது. எண்ணெயும் வாயுவும் கலந்து தெளிக்கும் ஒரு குப்பி வாங்கி வந்து தெளித்தேன். உட்புறப் பற்சக்கரங்கள் பித்தளையானமையால் ஓரளவு சுழன்றன. கம்பி வளையமும் நாலைந்து நாளில் இளகியது. ஆனால் கைப்பிடி மடியும் மூட்டு மாத்திரம் கல்லாக நின்றது. அலுமினியத்தாலான இரு செவிகளுக்கு நடுவே கைப்பிடித் தண்டைக் கோத்து ஓர் இரும்பு ஆணி செல்கிறது. அந்த ஆணி அசைந்தாலன்றிக் கைப்பிடி நிமிராது. கைப்பிடி நிமிர்ந்தாலன்றி ரீல் வெறும் காகிதப் பாரமே.

ஆத்திரத்தில் அறிவு நிற்பதில்லை. தந்தையார் உறங்கும் நேரம் பார்த்து, ஒரு கம்பியாணியை அதன் தலையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் ஒரு மெல்லிய ஓசை கேட்டது. ஆணி அசையவில்லை; அலுமினியச் செவி ஒன்றில் மயிரிழை போல் விரிசல் கண்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உப்புநீர் இரண்டு ஆண்டுகளிற் செய்யாத சேதத்தை நான் ஒரு நிமிடத்திற் செய்துவிட்டேன்.

எங்கள் நிலையத்திலே கீமேன் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் உள்ளார், சங்கரன்கோவில் பக்கத்தவர். தண்டவாளத்தின் பிணைப்புகளை நாள்தோறும் நடந்து பார்வையிடுவது அவர் தொழில். மறுநாள் பகலுணவு வேளையில், இன்னாருடையது என்று சொல்லாமல், அவரிடம் ரீலைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்சிருக்கியே தம்பி" என்றார்.

இரு தண்டவாளங்களின் முனைகளை இணைக்கும் இரும்புப் பட்டைக்கு பிஷ் பிளேட் என்று பெயர். அதற்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. பாய்மரம் விரிசல் விட்டால் அதன்மேல் வைத்துக் கட்டும் வலுக்கட்டைக்கு ஆங்கில மாலுமிகள் இட்ட பெயர் அது. இரும்புப் பாதைக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பட்டைகளை ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்து மசகு இடவேண்டும் என்பது ரயில்வே விதி. கடற்காற்று வீசும் இடங்களில் அவற்றின் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடுவதுண்டு. "அப்போ பலத்தைக் காட்டினா போல்ட்டு முறியும்" என்றார் அண்ணாச்சி. "எண்ணெய் விட்டு ராத்திரி பூரா விட்டுரணும். காலையில கழட்டற பக்கம் திருப்பக்கூடாது. முதல்ல இறுக்கற பக்கம் இம்மியளவு திருப்பணும். பிடி விட்டுரும். பிறகு கழட்டணும்." மேலும் ஒரு வார்த்தை சொன்னார்: "துரு ஒரே நாள்ல பிடிக்கல தம்பி, ஒரே நாள்ல விடவும் செய்யாது."

இரும்பு துருப்பிடிப்பதைக் கண்டிருக்கிறோம். இந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எனக்கு எழுந்தது. படித்துப் பார்த்ததில் விளங்கிற்று. 1800ஆம் ஆண்டில் வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர், வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துண்டுகளை வைத்து, முதன்முதலாகத் தொடர்ந்த மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். இருவேறு உலோகங்களும் இடையே உப்புநீரும் இருந்தால் அங்கே ஒரு மின்கலம் பிறக்கிறது. அந்த இரண்டில் ஓர் உலோகம் தன்னைக் கரைத்துக்கொண்டே அதை நடத்துகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. என் தந்தையாரின் ரீலில் இரும்பாணியும் அலுமினியச் செவியும் ஒட்டி நின்றன; ஓதத்து நீர் இடையே புகுந்தது. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாயிற்று. கரைந்த உலோகத்தைவிட அந்தப் பொடி அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே துளை பெரிதாவதற்குப் பதிலாக, ஆணியைச் சுற்றி நாலாபுறமும் ஆப்பு அடித்தது போலாயிற்று.

இதே துன்பத்தை ஒரு பெரிய கடற்படையே அனுபவித்திருக்கிறது. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மர அடியைப் புழு அரிக்காதிருக்கும் பொருட்டுச் செப்புத் தகடு வேய்ந்து, இரும்பாணியால் அறைந்தனர். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்ட அக்கப்பலை 1763இல் ஆராய்ந்தபோது, இரும்பாணிகள் உளுத்துப் போயிருக்கத் தகடுகள் பல இடங்களிற் பெயர்ந்து கிடந்தன. ஆனால் சில ஆணிகள் மாத்திரம் நன்னிலையில் இருந்தன. காரணம் யாதெனில், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் ஆணிக்கும் செம்புக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டிருந்ததே! காகிதத்தோடு வாழ்நாள் கழிக்கும் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இது எத்தனை மகிழ்ச்சி தந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இரு உலோகங்கள் ஒன்றையொன்று நேரே தொடாதபடி இடையில் ஒன்று நின்றால் போதும். காகிதம் செய்த அந்த வேலையை ஒரு துளி மசகும் செய்யும். தந்தையார் ஞாயிறுதோறும் விட்ட எண்ணெயின் பொருள், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு இவ்வாறு விளங்கிற்று.

அண்ணாச்சி சொன்ன முறைப்படியே மாலைதோறும் மண்ணெண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் கலந்து, ஒரு கோழியிறகால் ஆணியின் இரு முனையிலும் தொட்டுவைத்தேன். குளியலறை கழுவும் அமிலத்தில் ஊறவைக்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார். நல்லவேளையாக அதற்கு இணங்கவில்லை. அவ்வமிலமும் சரி, காரச் சோடாவும் சரி, அலுமினியத்தையே தின்றுவிடும். தீயில் வாட்டலாம் என்றார் மற்றொருவர். எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோய்ந்த பொருளைத் தீயருகே கொண்டு செல்வது பெரும் மடமை. இப்படியே இரண்டு வாரங்கள் கடந்தன. ஆணி அசையவில்லை. தந்தையார் மட்டும் இரண்டு நாளுக்கொருமுறை, "பெட்டியை எடுத்தியாய்யா?" என்று கேட்டுவந்தார். "ஞாயிற்றுக்கிழமை எடுக்கேன்ப்பா" என்று நான் தவணை சொல்லிவந்தேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை வீடு திரும்பியபோது, தந்தையார் பின்கட்டில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். மடியில் ரீல் இருந்தது. என் மகன்தான் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறான். அவர் இடக் கைக் கட்டைவிரல் அந்த விரிசலின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

இனி மறைக்க ஏதுமில்லை. பெட்டியைத் தரையில் வைத்தது, ஓதத்து நீர் புகுந்தது, சுத்தியலால் அடித்தது, பொய் சொன்னது ஆகிய யாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கோபிப்பார் என எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு ரீலைத் திருப்பி, நான் அடித்த பக்கத்தைக் காட்டி, "இந்தப் பக்கமா அடிச்ச?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அது கூம்பாணில்லா. நீ அடிக்க அடிக்க உள்ளே இறுகும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

விஷயம் இதுதான். முதலில் இருந்த ஆணி பல ஆண்டுகளுக்கு முன்பே தேய்ந்து விழுந்துவிட, தந்தையார் ஒரு கடைசல் பட்டறையில் புதிய ஆணி ஒன்று செய்து போட்டிருந்தார். அது ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் உள்ள கூம்பாணி. இவ்வகை ஆணிகளில், 50 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விட்டம் குறைவது பொதுவான அளவு. எங்கள் ஆணியின் நீளம் 12 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் இரு முனைகளின் விட்டத்துக்குமுள்ள வேற்றுமை கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று காகிதத்தின் கனமே! துரு மூடிய நிலையில் கண்ணுக்கு அது புலப்படாது. சிறுத்த முனையில் அடித்தால்தான் வெளிவரும். பருத்த முனையில் அடித்தால் ஆப்பாக இறுகும். அடையாளத்துக்காகச் சிறுத்த முனையில் அரத்தால் ஒரு கீறல் இட்டிருந்ததாகத் தந்தையார் சொன்னார். ஊசியால் துருவைச் சுரண்டிப் பார்த்தேன். கீறல் இருந்தது.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தை கிடைத்திருக்கும், செவியும் விரிந்திராது. ஆணியை இறுக்கியது உப்பு மாத்திரமன்று என்று அப்போது உணர்ந்தேன்.

அடுத்த ஞாயிறன்று தந்தையார் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். என் மகன் விளக்குப் பிடித்தான். முதலில் கைப்பிடிப் பகுதியை மாத்திரம் தனியே கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் இட்டோம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனினும் 3 மில்லிமீட்டர்த் துளையொன்று, அறையின் வெப்பத்திலிருந்து 100 பாகை வரை சூடேறும்போது, இரும்பைக் காட்டிலும் அதிகமாக விரிவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கேயாம். இது என்ன இடம் என்று தோன்றும். ஆயினும் பொடியின் பிடி விண்டு, எண்ணெய் இறங்குவதற்கு அந்த இம்மியே வழிவிடும். வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் தொட்டோம்; ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். இவ்வாறு நான்கு முறை செய்தோம்.

பிறகு ஒரு மரக்கட்டையில் ஆணியைவிடப் பெரிய துளையிட்டு, பருத்த முனை அத்துளைக்கு நேரே அமையும்படி வைத்தோம். விரிந்த செவி தாங்கலின்றி நின்றால் முறிந்துவிடும். ஆதலால் இரு செவிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு மரச் சிம்பைச் செருகினோம். அடிக்கும் கம்பி ஆணியின் முனையினும் ஒரு சிறிது மெலிந்ததாகவும், பித்தளையாகவும் இருக்கவேண்டும் என்றார் தந்தையார். இரும்புக் கம்பியானால் ஆணியின் முனை நசுங்கிப் பரந்து மேலும் அடைத்துக்கொள்ளும். "ஓங்காதே. தட்டு. கதவைத் தட்டற மாதிரி தட்டு" என்றார். தட்டினேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று என் மகன் எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தாறாவது தட்டில் ஓசை மாறிற்று. அடைத்த குரல் திறந்தாற்போன்ற ஓர் ஓசை. தந்தையார் தலையை ஆட்டினார். மேலும் ஐந்து தட்டில் ஆணி நழுவிக் கட்டையின் துளையில் விழுந்தது.

கரிய, சிறிய, அற்பமான ஆணி. என் மகன் அதைப் பொறுக்கியெடுத்துத் தாத்தாவின் இடக் கையில் வைத்தான்.

விரிந்த செவியைக் கடைசல்காரர் ஒருவர் சிறு தகடு வைத்துச் சீர்செய்து கொடுத்தார். பித்தளைத் தகடு வைக்கப் போனவரிடம், அலுமினியத் தகடே வைக்குமாறு வேண்டினேன். "சார் எல்லாம் படிச்சுட்டு வந்திருக்காரு" என்று அவர் நகைத்தார். புதிய கூம்பாணி ஒன்றுக்கும் அவரே வழி செய்தார். அதைக் கோக்குமுன் துளையையும் ஆணியையும் கெட்டி மசகால் பூசினோம். சிறுத்த முனையில் இம்முறை கீறல் இட்டவன் என் மகன்.

ஓண விடுமுறையின் இரண்டாம் நாள் விடியலில் மூவரும் காயற்கரைக்குச் சென்றோம். மழைக்காலத்து ஆற்றுநீர் கலந்து காயல் கலங்கியிருந்தது. தந்தையாருக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போயிருந்தோம். என் மகன் எறிவதும், நூல் சிக்குவதும், தந்தையார் இடக் கையால் சிக்கெடுப்பதுமாக இரண்டு மணி நேரம் சென்றது. கைப்பிடி சுழலும்போது தகடு வைத்த இடத்தில் ஒரு சிறு தட்டல் ஓசை கேட்கிறது. அது இனிப் போகாது. கொடுவா அகப்படவில்லை, உள்ளங்கையளவு கரிமீன் ஒன்று அகப்பட்டது. அதையும் தந்தையார் நீரிலேயே விடச் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும், பசியோடு இருந்த போதிலும், ரீலை நன்னீரில் அலசித் துடைத்து எண்ணெய் விட்ட பின்னரே மூவரும் பலகாரம் உண்டோம்.

தூண்டில் ரீல் என்பது நம் காலத்துப் பொருளென எண்ண வேண்டாம். சீன நாட்டு ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓர் ஓவியத்திலே, தனிப் படகில் அமர்ந்த மீனவன் கையில் ரீல் பூட்டிய தூண்டில் இருக்கிறது. அது இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த ரீலிலும் ஏதோ ஓர் ஆணி இருந்திருக்க வேண்டும். அதுவும் எப்போதேனும் இறுகியிருக்க வேண்டும்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பரண்மேல் இப்படி ஒரு பொருளேனும் இருக்கும். தையல் இயந்திரமாயிருக்கலாம், தராசாயிருக்கலாம், பாட்டனார் பூட்டாயிருக்கலாம். உப்புக் காற்று வீசும் இக்கரையில் ஆண்டுக்கொருமுறையாவது அதை இறக்கித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். இறுகிவிட்டதாயின் சுத்தியலை எடுக்குமுன், அதை வைத்துப் புழங்கிய பெரியவர் வீட்டில் இருப்பாராகில், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பக்கம் தட்டவேண்டுமென்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பழைய ஆணியை நான் எறியவில்லை. அலுவலகத்தில் என் மேஜை இழுப்பறையிலே, ஒரு பழுப்புக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.